ரசத்தில் மணம் தெரியவில்லை: பழுது நாக்கிலா, மூக்கிலா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து கல்யாண சமையல் மாஸ்டர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 44. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஐந்து மாதங்களுக்கு முன்பு, விடிகாலை முகூர்த்தத்துக்குச் சமைக்க இருசக்கர வாகனத்தில் போய்க்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த வேன் இடித்திருக்கிறது. மல்லாந்து விழுந்ததில் பின்மண்டையில் அடி. தலைக்கவசம் வண்டியில் மாட்டிக் கிடந்தது, தலையில் இல்லை. சில நிமிடங்கள் நினைவில்லை. சி.டி. ஸ்கேனில் நெற்றிப் பக்க மூளையின் அடியில் சிறிய ரத்தக்கசிவு தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் முதல் நாள் மனைவி வைத்துக்கொடுத்த மிளகு ரசம் ‘வெந்நீரில் உப்பையும் புளியையும் கரைத்து, காரத்தைச் சேர்த்தது போல’ இருந்ததாம். அன்று முதல் இன்றுவரை அப்படித்தான்.

நாக்கின் நரம்பு செத்துவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். அதற்கு மூன்று ஆதாரங்கள் தருகிறார். ஒன்று, சாப்பாட்டில் ருசியே இல்லை. இரண்டு, மூக்கு நன்றாக வேலை செய்கிறது. விக்ஸ் தடவினால் ஏறுகிறது, வெங்காயம் நறுக்கினால் கண் கலங்குகிறது, வற்றல் வறுத்தால் தும்மல் வருகிறது. மூன்று, நுனி நாக்கில்தான் இனிப்பு தெரியும் என்று பள்ளியில் படித்திருக்கிறார். சர்க்கரையை நாக்கின் ஓரத்திலும் பின்பக்கத்திலும் வைத்துப் பார்த்தால் எல்லா இடத்திலும் இனிக்கிறது, ஆகவே நாக்கு குழம்பிப் போயிருக்கிறது. பி12 ஊசி, துத்தநாக மாத்திரை, காலையும் மாலையும் நாக்கை வழிப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டார். இரண்டாவது முறை எடுத்த சி.டி. ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை என்று வந்ததிலிருந்து, ‘எல்லாம் மனசுதான்’ என்கிறார் அவருடைய மைத்துனர். மூன்று வாரமாகப் புதிய தொல்லை: காப்பியும் பெருங்காயமும் எரிந்த ரப்பர் போல நாறுகின்றன. இழந்தது திரும்புமா, தொழிலை விட்டுவிடலாமா, வேன்காரரிடம் இழப்பீடு கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

இனி நேரடியாக உங்களிடம்.

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். கேட்காமல் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: ‘குனிந்து அண்டாவைக் கிளறும்போது வலது மூக்கில் மட்டும் தண்ணீர் சொட்டுகிறது, சளி பிடித்திருக்கிறது போலும்.’

முதலில் அந்தத் தண்ணீர்

தலையில் அடிபட்ட ஒருவருக்கு, ஒரு பக்க மூக்கில் மட்டும், குனியும்போது மட்டும், பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டினால் அதைச் சளி என்று விட்டுவிடக் கூடாது. மூளையைச் சுற்றியிருக்கும் திரவம், மண்டையோட்டின் அடித்தளத்தில் விழுந்த விரிசல் வழியாக மூக்குக்குள் கசிவதாக இருக்கலாம். மல்லாந்து படுத்தால் அது தொண்டைக்குள் இறங்கி உப்புக் கரிக்கும்; அப்படி உணர்ந்திருக்கிறீர்களா என்று நினைத்துப் பாருங்கள். திரவம் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போக முடியும். மூளை உறைக் காய்ச்சல் வந்தால் அது உயிருக்கே ஆபத்து.

அடுப்புப் புகையும் மசாலா நெடியும் வருடக்கணக்கில் பட்ட மூக்கு சும்மாவும் ஒழுகும் என்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒழுகும், தும்மலோடு வரும், கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். எது என்று ஊகிக்கத் தேவையில்லை. சொட்டும் நீரைச் சுத்தமான சிறு குப்பியில் பிடித்துக் கொடுத்தால், பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். சாதாரணச் சளியில் அந்தப் புரதம் இருக்காது. இருந்தால், மண்டையோட்டின் அடித்தளத்தை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் சி.டி. எடுத்து ஓட்டை எங்கே என்று தேடுவார்கள். அடிபட்ட முதல் சில நாட்களில் வரும் கசிவு பெரும்பாலும் ஓய்விலேயே அடைந்துவிடும். மாதங்கள் கடந்தும் தொடர்ந்தால் அடைக்கத்தான் வேண்டும். இப்போது அதை மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் வைத்துச் செய்கிறோம்.

இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அதுவரை மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். நிறைந்த அண்டாவைத் தூக்காதீர்கள். மூச்சை அடக்கி முக்கும் எந்த வேலையும் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். மூக்கில் எண்ணெயோ சொட்டு மருந்தோ எதுவும் விட வேண்டாம். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்தை வளைக்க முடியாத விறைப்பு, வாந்தி, வெளிச்சம் பார்த்தால் கூசுவது ஆகியவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்கள் நாக்கு நலமாகத்தான் இருக்கிறது

அதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ரசத்தில் உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது. சர்க்கரை இனித்தது. நாக்கு செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு உமாமி எனப்படும் புரதச் சுவை. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்துக் காட்டியது இது. நன்றாக வெந்த தக்காளியிலும் காளானிலும் நீங்கள் தினமும் கையாள்வதுதான். நாக்கின் சுவை மொட்டுகள் அறிந்துகொள்வது இந்த ஐந்தை.

நம் மரபு ஆறு சுவை சொல்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கார்ப்பும் துவர்ப்பும் அதில் உண்டு. மிளகாயின் காரம் சுவை மொட்டில் பதிவதில்லை. சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளில் பதிகிறது. கொதிக்கும் பாலைக் குடித்தால் எரிவதும் பச்சை மிளகாயைக் கடித்தால் எரிவதும் ஒரே வாயிலைத் தட்டித்தான். அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. வாழைப்பூவின் துவர்ப்பு பெருமளவுக்குத் தொடு உணர்வு. எச்சிலின் வழவழப்பு குறைந்து வாய் இழுத்துப் பிடிப்பதைத்தான் அப்படி உணர்கிறோம். சமையலுக்கு ஆறு என்ற கணக்கே சரி. நரம்புகளின் கணக்கு மட்டும் வேறு.

நுனி நாக்கு இனிப்பு, பின்நாக்கு கசப்பு என்ற பாடப்புத்தகப் படத்தை மறந்துவிடுங்கள். 1901இல் ஜெர்மனியில் ஹேனிக் என்பவர் செய்த ஆய்வு, இடத்துக்கு இடம் நாக்கின் கூர்மையில் சிறிய வேறுபாடு இருப்பதாகத்தான் சொன்னது. பின்னால் வந்தவர்கள் அந்தச் சிறு வேறுபாட்டை எல்லைக்கோடு போட்ட வரைபடமாக்கிவிட்டார்கள். சுவை மொட்டு இருக்கும் எந்த இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். சர்க்கரை உங்கள் நாக்கு முழுவதும் இனித்தது என்றால், நாக்கு முழுவதும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாக்கின் சுவையை மூளைக்குக் கொண்டுபோவது ஒற்றை நரம்பு அல்ல. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகளைக் கபால நரம்புகள் என்போம். நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்கு அவற்றில் ஏழாவதின் கிளை, பின்பகுதிக்கு ஒன்பதாவது நரம்பு, தொண்டையின் அடிப்பகுதிக்குப் பத்தாவது. இவை ஒவ்வொன்றும் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. எல்லாம் முகுளத்தில் ஒன்றுகூடி, தாலமஸ் என்ற நடுநிலையம் வழியாக, சுவையை உணரும் இன்சுலா என்ற மூளைப் பகுதிக்குப் போகின்றன. ஒரே விழுகையில் ஆறும் அறுவது மிக அரிது. ஏழாவது நரம்பின் அந்தக் கிளை காதுக்குள், செவிப்பறைக்குப் பின்னால் குறுக்கே ஓடுகிறது. காது அறுவை சிகிச்சையில் அதை ஒதுக்கி வைத்துத்தான் வேலை செய்வோம். கொஞ்சம் இழுபட்டாலே நோயாளி சில வாரங்களுக்கு ‘நாக்கின் ஒரு பக்கம் தகரம் போல இருக்கிறது’ என்பார். ஒரு பக்கம்தான். அடுத்த பக்கம் சமாளித்துக்கொள்ளும்.

அப்படியானால் ரசத்தில் காணாமல் போனது எது? சீரகம், மல்லி, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய்யில் தாளித்த வாசனை. இவை எதுவும் நாக்குக்குத் தெரியாது, என்றுமே தெரிந்ததில்லை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் வாயிலிருந்து எழும் ஆவி, அண்ணத்துக்குப் பின்னால் ஏறி மூக்கின் கூரைக்குப் போகிறது. மூளை இந்த மணத்தை நாக்கின் சுவையோடு கலந்து, எல்லாமே வாயில் நடப்பது போலக் காட்டிவிடுகிறது. உங்கள் வீட்டம்மாவை வைத்து இதைச் சோதிக்கலாம். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு சீரக மிட்டாயை மெல்லட்டும். இனிப்பு மட்டும் தெரியும். விரலை எடுத்த நொடியில் சீரகம் வாய் முழுக்கப் பரவும். விரலை எடுப்பதற்கு முந்தைய நிலையில்தான் நீங்கள் ஐந்து மாதமாக இருக்கிறீர்கள்.

விக்ஸ் ஏறுகிறதே, வெங்காயம் கலங்க வைக்கிறதே?

அதுவும் சரிதான். ஆனால் அது வேறு நரம்பு. முகத்தின் தொடுகை, வலி, சூடு, குளிர் ஆகியவற்றைச் சுமக்கும் ஐந்தாவது கபால நரம்பு மூக்குக்குள்ளும் கண்ணுக்குள்ளும் கிளை விட்டிருக்கிறது. மென்தாலின் குளிர்ச்சி, வெங்காயத்தின் எரிச்சல், வற்றல் நெடியின் குத்தல் எல்லாம் அதன் வேலை. மணம் என்பது முதலாவது கபால நரம்பின் வேலை. விக்ஸில் ‘ஜில்’ என்பது தெரிந்து, அதன் கற்பூர வாசனை தெரியாமல் இருக்கும் உங்களைப் போன்றவர்கள் ஏராளம்.

உங்கள் மைத்துனருக்கு இந்த இடத்தை வாசித்துக் காட்டுங்கள். வாசனை தெரியவில்லை என்று பொய் சொல்பவரைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் கையாளும் பழைய உத்தி ஒன்று உண்டு. காப்பித்தூள், சோப்பு, கிராம்பு என்று காட்டிவிட்டு நடுவில் அம்மோனியாவை நீட்டுவார்கள். நடிப்பவர், ‘இதுவும் தெரியவில்லை’ என்பார். உண்மையாகவே இழந்தவரோ முகத்தைச் சுளித்துத் தலையைத் திருப்பிக்கொள்வார், ஏனென்றால் அது ஐந்தாம் நரம்பைக் குத்துகிறது. மூக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக நீங்கள் அடுக்கிய மூன்றும், நீங்கள் நடிக்கவில்லை என்பதற்கான சாட்சிகள்.

அறுந்தது எங்கே

மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே, ஒவ்வொரு பக்கமும் சில சதுர சென்டிமீட்டர் அளவுக்கு மஞ்சள் சாயலுள்ள ஒரு சவ்வு இருக்கிறது. அதில் பல லட்சம் வாசனை நரம்பணுக்கள். ஒவ்வொன்றும் மெல்லிய இழைகளைச் சளிப்படலத்தில் மிதக்கவிட்டு, அதில் கரையும் மணப்பொருட்களைப் பிடிக்கிறது. மறுமுனையில் இந்த அணுக்களின் வால்கள் பக்கத்துக்கு இருபது போலச் சிறு கற்றைகளாகச் சேர்ந்து, மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கும் சல்லடைத் தட்டு என்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக மேலே ஏறுகின்றன. தட்டுக்கு நேர் மேலே வாசனைக் குமிழ். அங்கிருந்து செய்தி மூளைக்குள் போகிறது.

நீங்கள் மல்லாந்து விழுந்தபோது மண்டையோடு தரையில் மோதிச் சட்டென்று நின்றது. உள்ளே இருக்கும் மூளை நிற்கவில்லை. தூக்கிப்போகும் அண்டாவைத் திடீரென்று கீழே வைத்தால் சாம்பார் தளும்புவது போல முன்னும் பின்னும் ஆடியிருக்கிறது. குமிழ் மூளையோடு நகர்கிறது, சல்லடைத் தட்டு எலும்போடு நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் இழைகள் அறுகின்றன. பின்மண்டையில் அடிபட்டவர்களிடம் வாசனை இழப்பை அதிகம் பார்ப்பது இதனால்தான். உங்கள் முதல் ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரிந்த இடமும் குமிழுக்கு நேர் மேலே இருக்கும் பகுதி. அடி பின்னால், காயம் முன்னால். கசிவு என்று நான் சந்தேகிக்கும் விரிசலுக்கும் இந்தச் சல்லடைத் தட்டு வாகான இடம்.

இரண்டாவது சி.டி.யில் ஒன்றும் இல்லை என்றால் ரத்தம் கரைந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். அறுந்த இழைகள் எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவுக்கு மெல்லியவை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் குமிழின் பருமனும், அதன் மேலிருக்கும் மூளைப் பகுதியில் பட்ட காயத்தின் தழும்பும் தெரியும். எடுக்கச் சொல்வேன்.

இன்னொரு வரியும் எழுதியிருந்தீர்கள்: ‘குளித்துவிட்டு வரும் கடைக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சினால் யாரோ வீட்டுப் பிள்ளை போல இருக்கிறது, இதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.’ வெட்கப்பட ஒன்றும் இல்லை. பார்வை, ஒலி, தொடுகை, நாக்கின் சுவை எல்லாம் தாலமஸ் என்ற நடுநிலையத்தில் இறங்கி ஏறித்தான் மூளைப் புறணிக்குப் போகும். வாசனை மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவுகளின் வாசலுக்கும் நேராகப் போகிறது. பிள்ளையின் தலையில் இருக்கும் அந்த வாசனைதான் ‘என் பிள்ளை’ என்ற நெகிழ்ச்சியில் பாதி என்பது, அது போன பிறகுதான் தெரியும். இந்த இழப்போடு வருபவர்களில் பலருக்கு மனச்சோர்வும் இருக்கிறது. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் அதற்கும் மருத்துவரைப் பாருங்கள். மைத்துனர் சொன்னது தலைகீழ்: மனசால் மூக்கு கெடவில்லை, மூக்கு கெட்டதால் மனசு வாடியிருக்கிறது.

திரும்புமா?

உடலின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை ஒருமுறை செத்தால் செத்ததுதான். வாசனை நரம்பணுக்கள் அரிய விதிவிலக்கு. அடியிலிருக்கும் மூல அணுக்களிலிருந்து அவை வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். உங்களுக்கும் முளைக்கும். ஆனால் முளைத்தால் போதாது. புதிய வால் சல்லடைத் துளையைக் கண்டுபிடித்து, தழும்பைத் தாண்டி, குமிழில் தனக்குரிய இடத்தில் போய் இணைய வேண்டும். மணப்பொருளைப் பிடிக்கும் புரதங்களை ஏற்பிகள் என்பார்கள். மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் உண்டு; ஓர் அணுவில் ஒரு வகைதான். ஒரே வகை அணுக்களின் வால்கள் எல்லாம் குமிழில் அந்த வகைக்கே உரிய முடிச்சுகளுக்குப் போய்ச் சேரும். லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் இந்த ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். புதிய வால் முடிச்சு மாறி இணைந்தால் காப்பி காப்பியாக மணக்காது.

உங்கள் ‘எரிந்த ரப்பர்’ பெரும்பாலும் இந்த வகைதான். சில இழைகள் மேலே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பதற்கு அடையாளம். ஆகவே அதைப் புதிய சீரழிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உறுதிமொழியாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காப்பி, வறுத்தவை, வெங்காயம், பூண்டு ஆகியவைதான் அதிகம் நாறும். ஆறிய சோறு, தயிர், இட்லி ஆகியவை தொல்லை தராது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். எதிரே எந்தப் பொருளும் இல்லாமல், திடீரென்று ஒரு நாற்றம் சில நொடிகள் வந்து போகிறதா? அப்போது வயிற்றிலிருந்து ஏதோ எழுவது போலவோ, நடப்பது எல்லாம் முன்பே நடந்தது போலவோ தோன்றுகிறதா? கூப்பிட்டால் கேட்காமல் வெறித்துப் பார்த்ததாக வீட்டில் யாராவது சொன்னார்களா? அப்படி என்றால் அது தலைக்காயத்துக்குப் பிறகு வரும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை எடுக்கும்வரை கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி அருகில் நிற்காதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது நேர்மையான பதில் என்று எழுதியிருக்கிறீர்கள். சளிக் காய்ச்சலுக்குப் பிறகு வாசனை போனவர்களை விடத் தலையில் அடிபட்டுப் போனவர்களுக்கு வாய்ப்புக் குறைவு. ஓரளவு முன்னேற்றம் காண்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். பழையபடி முழுதாகத் திரும்புவது அதிலும் குறைவு. திரும்புவதில் பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள் நடக்கும். இரண்டாம் ஆண்டில் திரும்பியவர்களும் உண்டு. நீங்கள் ஐந்தாம் மாதத்தில் இருக்கிறீர்கள். கதவு மூடவில்லை.

இந்தக் காலத்தில் செய்யத் தகுந்த ஒன்று வாசனைப் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை இது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நான்கு வாசனை. ஒவ்வொன்றையும் தனிச் சிறு புட்டியில் பஞ்சில் நனைத்து வையுங்கள். காலையும் மாலையும் சாப்பிடும் முன், ஒவ்வொன்றையும் பதினைந்து நொடி போல மெதுவாக முகர வேண்டும். உறிஞ்சி இழுக்கக் கூடாது. முகரும்போது அந்தப் பொருளைக் கண்ணுக்குள் கொண்டுவர முயல வேண்டும். கிராம்பு என்றால் நெய்ச்சோற்றுக்குத் தாளிக்கும் நொடியை நினையுங்கள். உங்கள் தொழில் இதில் உங்களுக்குக் கொடுப்பினை. மற்றவர்களுக்கு இவ்வளவு வாசனை ஞாபகம் இருக்காது. குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் இன்னும் அதிக காலம். மூக்குநீர்ச் சோதனை முடிந்து மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. பி12 குறைவு ரத்தத்தில் நிரூபணமானால்தான் ஊசிக்குப் பயன். துத்தநாகமும் அப்படியே, மாதக்கணக்கில் அதிகமாக விழுங்கினால் உடலில் தாமிரம் குறைந்து வேறு தொல்லை வரும். மூக்கில் விடும் துத்தநாக மருந்து பக்கமே போகாதீர்கள். வாசனையையே அழித்துவிடுகிறது என்று 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஸ்டீராய்டு மாத்திரையை அடிபட்ட தொடக்கத்தில் சில மருத்துவர்கள் கொடுத்துப் பார்ப்பதுண்டு. இப்போது நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. நாக்கை வழிப்பதை ஒரு வேளையாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பாவம் அது எந்தத் தப்பும் செய்யவில்லை.

இழப்பீடு

நான் வக்கீல் அல்ல. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளுக்குச் சான்றிதழ் எழுதிக்கொடுக்கும் வகையில் தெரிந்ததைச் சொல்கிறேன். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். அந்தக் கெடுவை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்திருக்கின்றன; அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம். உங்களிடம் ஒரு மாதம்தான் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். தலைக்கவசம் போடாததை எதிர்த்தரப்பு எடுத்துச் சொல்லும். அதற்குப் பயந்து ஒதுங்காதீர்கள். தொகை குறையலாமே தவிர உரிமை போய்விடாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்டிருக்கும் 21 வகைகளில் வாசனை இழப்பு இல்லை. எனவே அடையாள அட்டைக்கு அலைய வேண்டாம். விபத்து வழக்கின் கணக்கு வேறு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்சநீதிமன்றம் சொன்னது, ஊனத்தின் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் அந்த ஆளின் தொழிலில் வருமானம் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும் என்பது. ஒரு கை போன ஓட்டுநருக்கும் ஒரு கை போன எழுத்தருக்கும் இழப்பு ஒன்றல்ல என்று அதிலேயே உதாரணம் இருக்கிறது. வாசனை போன சமையல்காரர் எந்தப் பக்கம் என்று வக்கீல் எடுத்துச் சொல்வார். உங்கள் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் வாசனை பற்றி ஒரு சொல்கூட இல்லை என்கிறீர்கள். ஆகவே இப்போதே முறையான வாசனைச் சோதனை செய்து, தேதியிட்ட அறிக்கையாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சி.டி. படத்தையும் பத்திரமாக வையுங்கள். இரண்டாவதை விட அது முக்கியம்.

தொழில்

விட வேண்டாம். ஆனால் நாளை முதல் தனியாக அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. சமையல் வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றமுள்ள மெர்காப்டனைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை உங்களுக்குக் கேட்காது. பெரிய சிலிண்டர்களை வரிசையாக வைத்து வேலை செய்யும் மண்டபத்தில் இது விளையாட்டல்ல. வீட்டிலும் வேலை இடத்திலும் கசிவைக் கண்டு ஒலி எழுப்பும் கருவி ஒன்றை வையுங்கள். இந்த வாயு காற்றை விடக் கனமானது, தரையோடு தேங்கும். எனவே கருவியைத் தரைக்குக் கொஞ்சம் மேலே மாட்ட வேண்டும், கூரையில் அல்ல. குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கும் பொறுப்பைக் கையாள் ஒருவருக்குக் கொடுங்கள். கசிவுக்கு அழைக்க வேண்டிய எண் 1906.

கடந்த மாதம் இரண்டு பந்திகளில் சாம்பார் உப்புக் கரித்ததாகப் புகார் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மணம் இல்லாத வெறுமையை நிரப்ப உங்கள் கை தானாக உப்பையும் காரத்தையும் கூட்டுகிறது. உங்கள் ரத்த அழுத்தத்துக்கும் அது நல்லதல்ல. இனிக் கைப்பக்குவத்தை நம்பாமல் பழைய கணக்கை எழுதி வையுங்கள்: நூறு பேர் ரசத்துக்கு மிளகு எத்தனை கிராம், சீரகம் எத்தனை, பெருங்காயம் எத்தனை என்று. இருபது வருடக் கணக்கு உங்கள் தலையில் இருக்கிறது, அதை யாரும் அடித்துப் பிடுங்கவில்லை. கடுகு வெடிக்கும் சத்தமும், வெங்காயம் நிறம் மாறுவதும், பாகு இழுபடுவதும் உங்களுக்கு முன்போலவே கேட்கும், தெரியும். கூட வேலை பார்க்கும் தம்பியிடம் மூக்கை ஒப்படையுங்கள். உப்பு, புளி, காரம், இனிப்பு நீங்கள் பாருங்கள். தாளிப்பு வாசம், அடிப்பிடித்த நெடி, எண்ணெயின் சிக்கு வாடை, தேங்காய்ச் சட்னி ஊசிவிட்டதா என்பது அவர் பொறுப்பு. அவர் முகர்ந்து சொல்லாமல் எந்தப் பாத்திரமும் பந்திக்குப் போகக் கூடாது.